திருத்தப்பட்ட விடைக்குறிப்பு

2024 ஜூலை 2, செவ்வாய்

நாயகத்தைப் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு இருபது நாள். ஜூன் 13-க்குப் பிறகு இந்த டைரியில் ஒரு வரியும் இல்லை. நாற்பத்தைந்து வருஷ டைரிகள் பச்சை டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. என் கணவர் இறந்த வாரத்தில்கூட நாளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஆகவே இன்று உட்கார்ந்துவிட்டேன். பாடம் நின்றுபோனால், நின்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மகன் கோமதிநாயகம் ஆப்பிரிக்காவில் மின்கோபுரம் நிறுத்தும் கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பத்து நான்கு வயது. அவர்கள் தங்கியிருந்த முகாமுக்குள் துப்பாக்கியோடு வந்தவர்கள், நம் நாட்டு ஆட்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாயகம் ஒருவன். இதே சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் தேவசகாயம் அண்ணாச்சியின் மகன் ஜெபராஜ் இன்னொருவன். மற்ற இருவரும் வடக்கே ஜார்க்கண்ட். எந்த நாடு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் எனக் கலெக்டர் ஆபீசில் கேட்டுக்கொண்டார்கள். டைரி யாரிடமும் போய்ச் சொல்லாது. இருந்தாலும் எழுதவில்லை.

வீட்டில் நானும் மருமகள் ஆவுடைச்செல்வியும்தான். அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இன்று முதல் வேலைக்குப் போகிறாள். நான்தான் போகச் சொன்னேன்.

மாலையில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்தாயிற்று.

ஜூலை 4, வியாழன்

வியாழக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு நான்கு குடும்பங்களையும் ஒரே போன் இணைப்பில் சேர்த்துப் பேசுகிறார்கள். டெல்லியிலிருந்து ஒரு மேடம் பேசுவார். எங்களுக்குத் தமிழில் சொல்வதற்குத் துணை தாசில்தார் தீனதயாளன் இங்கே நேரில் வருகிறார். எங்கள் வீட்டு மேஜையில் போனை வைத்து, இரண்டு குடும்பமும் சுற்றி உட்காருவோம்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பினால், அது வகுப்பறைக்கு வருவதற்குள் நாலு கையெழுத்து வாங்கிவிடும். இதுவும் அப்படித்தான். பிடித்து வைத்திருப்பவர்களிடம் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் போய்வருகிறார். அவர் அந்த நாட்டு அதிகாரிகளிடம் சொல்கிறார். அவர்கள் நம் தூதரகத்திடம். தூதரகம் டெல்லியிடம். டெல்லி சென்னையிடமும் கலெக்டரிடமும். கடைசியில் தீனதயாளன். அவருக்கு முப்பது வயதிருக்கும். நெற்றி வேர்த்துக்கொண்டே இருக்கிறது.

அண்ணாச்சி சொன்னார்: "டெல்லி பேசுதது எனக்கு விளங்கலை. நான் பேசுதது டெல்லிக்கு விளங்கலை. நடுவுல நீங்க கிடந்து வேர்க்கியளே தம்பி. ஒரு மோர் குடிங்க."

"மோர் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க டிவிக்காரங்ககிட்ட பேசாம இருந்தா போதும்."

"ஒரே ஒரு சேனல்தானய்யா."

"அந்த ஒண்ணை அங்க உள்ளவங்களும் பாக்காங்க."



ஜூலை 6, சனி

தீனதயாளன் ஒரு படிவம் கொண்டுவந்தார். ரத்த வகை, தழும்பு, சாப்பிடும் மாத்திரை, வீட்டில் கூப்பிடும் பெயர். கடைசிப் பக்கம்தான் முக்கியம். நாயகம் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் மூன்று எழுதித் தர வேண்டும். பதிலை ஒட்டிய உறையில் தனியாக வைக்க வேண்டும். டெல்லி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பெரியவர் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலை வாங்கி வருவார். உறையில் உள்ளதும் வந்ததும் ஒத்துப்போனால் அவன் உயிரோடு, அவர்கள் கையில்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

"வெளியாள் ஊகிக்க முடியாத கேள்வியா இருக்கணும் டீச்சர். பதில் சின்னதா இருக்கணும். ஃபேஸ்புக்ல இருக்கக் கூடாது."

"முப்பத்திரண்டு வருஷம் கணக்குக் கேள்வித்தாள் எடுத்திருக்கேன் தம்பி" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும்தான். இத்தனை நாளில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றை முதன்முறையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

பொதுத்தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுப்பவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். என் நெருங்கிய உறவினர் எவரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று. எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். இன்று அது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நான் எடுக்கும் தாள்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கணக்கில் வேண்டுமென்றே தரவைத் தப்பாகக் கொடுப்பேன். பக்கங்கள் 2, 3, 7 உள்ள முக்கோணம் வரைக என்பேன். கோணலும் மாணலுமாக வரைந்து தள்ளுகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. "இந்த முக்கோணம் அமையாது" என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண். நாயகம் சின்ன வயதில் அதை 'அம்மாவின் பொய்க் கேள்வி' என்பான்.

ஆனால் இது அந்த மாதிரி விளையாட்டுக்கான தாள் இல்லை. நேரான கேள்விகள்தான் வேண்டும். காலையிலிருந்து யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட அந்தக் காலத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தேன் என்பது சரி.

முதல் கேள்வி: அப்பாவின் விசில் என்ன நிறம்? அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மீரான் அண்ணன் டிரைவர். சங்கரன்கோவில் – திருநெல்வேலி, காலை ஏழு பத்து வண்டி. இருவரும் பதினாறு வருஷம் ஒரே வண்டியில் ஓடினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நாயகம் அந்த விசிலை எடுத்து ஊதுவான். இவர் எங்கே இருந்தாலும் நின்றுவிடுவார். குளிக்கப் போனாலும் நிற்பார், சோற்றுக் கை வாய்க்குப் போகும்போதும் நிற்பார். இரண்டு விசில் கேட்டால்தான் மறுபடி அசைவார். பிள்ளை சிரித்துச் சிரித்து விழுவான். மீரான் அண்ணன் "வண்டியை எடுங்க கண்டக்டரே, டைம் ஆச்சு" என்று வாசலில் நின்று சத்தம் கொடுப்பார்.

இரண்டாவது: வாடகை வீட்டில் வளர்த்த நாயின் பெயர்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அவர் இறந்த மறு வருஷம், ஆறாம் வகுப்புக்கு நாயகத்தைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்தேன். தனியாக ஒரு பையனை வளர்க்க எனக்குத் தெம்பில்லை. அன்று காலை பஸ் ஸ்டாண்டில் லேசான தூறல். அவன் தகரப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்க் கடையில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கையில் கொடுத்தேன். மஞ்சள் டப்பா. அவன் அழவே இல்லை. வண்டி திரும்பும்வரை பாக்ஸை ஜன்னலில் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான். கேள்வி: நீ ஹாஸ்டலில் சேர்ந்த அன்று பஸ் ஸ்டாண்டில் அம்மா உனக்கு என்ன வாங்கித் தந்தாள்?

ஆவுடையிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. என் கேள்வியும் ஒண்ணு வைக்கலாமான்னு பாத்தேன். அவங்களுக்கு எந்தக் கால் விரல் மடங்காதுன்னு."

"அதெல்லாம் டெல்லிக்கு எழுதுற கேள்வியா?"

"அதுக்கில்ல..." என்றாள். பிறகு தேங்காய் துருவப் போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

உறையை ஒட்டிக் கொடுத்தாயிற்று.

ஜூலை 10, புதன்

டெல்லி என் இரண்டு கேள்விகளைத் தள்ளிவிட்டது. நிறம் என்றால் நாலைந்து தடவையில் யாரும் ஊகித்துவிடலாமாம். நாயின் பெயர் ஃபேஸ்புக்கில் இருக்கிறதாம். நாயகமே போட்டோவோடு போட்டிருக்கிறான். மூன்றாவது கேள்விதான் போகிறது. "நல்ல கேள்வின்னு மேடமே சொன்னாங்க" என்றார் தீனதயாளன்.

கேட்டதும் ஒரு பெருமை வந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு பெருமை வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

ஜூலை 12, வெள்ளி

கேள்வி போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அவன் அதைக் கேட்கும்போது அந்தக் காலை அவன் முன்னால் வந்து நிற்கும். சுள்ளென்று அடித்த வெயில், அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாக்ஸைத் திறந்து பார்த்தது, உள்ளே கவராயம் பளபளத்தது. மணலுக்கு நடுவே அவனுக்கு அது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்.

இந்தக் கதையை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பில் புதுப் பிள்ளைகள் அழும். "என் மகன் உங்களைவிடக் குட்டி. ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைக் கையில் கொடுத்தேன். அழாமல் பஸ் ஏறிவிட்டான்" என்பேன். அழுகை நின்றுவிடும். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஜூனும் இதே எடுத்துக்காட்டுதான். ஒரு தடவையும் பலிக்காமல் போனதில்லை.

ரேஷன் கடையில் இன்று பருப்பு போட்டார்கள். ஆவுடை வாங்கி வந்தாள்.

ஜூலை 15, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

போனில் மேடம் சொன்னது: நான்கு பேரும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டு மூன்று இடமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேள்விகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆவுடை வேலைக்குப் போகும்போது அவனுடைய சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போகிறாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 24, புதன்

மத்தியானம் தேவசகாயம் அண்ணாச்சி தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், ஒத்துப்போச்சு. என் பையன் பதில் ஒத்துப்போச்சு. அவன் அம்மையை அவன் கூப்பிடுத பேரு கேட்டிருந்தோம். சரியாச் சொல்லிட்டானாம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆவுடை தண்ணீர் கொண்டுவந்தாள். எங்களுக்கும் போன் வரும் என்று மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

போன் வரவில்லை. நாலு மணிக்குத் தீனதயாளனே வந்தார். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"மூணு பேருக்குப் பொருந்துது டீச்சர். நாயகத்துக்குப் பொருந்தலை."

"பதில் வரலையா?"

"வந்திருக்கு. உறைக்குள்ள உள்ளதோட சேரலை."

"என்ன பதில்?"

"அதை எங்களுக்கே சொல்லமாட்டாங்க. டெல்லில மட்டும்தான் தெரியும். குடும்பத்துக்குச் சொன்னா, அதுக்கேத்த மாதிரி ஞாபகத்தை மாத்திக்குவாங்கன்னு ஒரு விதி."

அண்ணாச்சி மெல்ல எழுந்தார். தன் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல மேல்துண்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 25, வியாழன்

பதினொரு மணி இணைப்பில் மேடம் எனக்காக நிதானமாகப் பேசினார். தீனதயாளன் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். விடுவிக்க வேண்டியவர்கள் பெயர்ப்பட்டியலைச் சனிக்கிழமைக்குள் அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். உறுதியான பெயர்கள் மட்டும்தான் அதில் போகும். உறுதியில்லாத பெயரைச் சேர்த்தால், "எங்களிடம் இல்லாத ஆளைக் கேட்கிறீர்கள்" என்று அவர்கள் மொத்தத்தையும் முறித்துவிடலாம். இன்னொரு கேள்வி போய் வர நாள் போதாது. இப்போதைக்குப் பட்டியலில் மூன்று பெயர்.

"அப்போ நாயகம்?"

"முயற்சி தொடரும்னு சொல்றாங்க."

தொடரும் என்ற சொல்லை எத்தனை முன்னேற்ற அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆவுடை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அரைக் கிலோ உரித்துவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்க நினைத்தேன்.

"அத்தை, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகலைன்னு அவங்க சொல்லியிருக்காங்க."

"என்னைக்கு?"

"ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு."

நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. "யார் சொன்னா?"

"அவங்கதான். கல்யாணம் ஆன புதுசுல, எங்க சித்தி வந்திருந்தப்போ நீங்க அந்தக் கதையைச் சொன்னீங்கல்லா. பொறவு அவங்க எங்கிட்ட சொன்னாங்க. அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லுவா, அவ வரவே இல்லை, நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத, நம்பிக்கிட்டு இருக்கா, இருந்துட்டுப் போகட்டும்னு."

"அவனுக்குப் பதினோரு வயசு. அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? எனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. கேள்வி எழுதின அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரலை. நீங்க அவ்வளவு ஆசையா வாசிச்சீங்க."

நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். எனக்குத் தெரியாதா. அந்தத் தூறலைப் பார்த்தவள் நான்.

டைரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2001. பெட்டியின் அடியில் இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 26, வெள்ளி

காலை ஆறு மணி. பெட்டியைத் திறக்க வேண்டும். முதலில் வாசல் தெளித்தேன். பால் காய்ச்சினேன். மேலே கிடந்த போர்வைகளை வெயிலில் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகும் பெட்டி அங்கேயே இருந்தது.

2001 டைரி நீல அட்டை. பார்த்து எழுதுகிறேன், ஓர் எழுத்தும் மாற்றாமல்.

"ஜூன் 4, திங்கள். பள்ளி திறப்பு. லீவு கிடையாது என்று ஹெச்.எம். ஆறாம் வகுப்பு சேர்க்கை, 61 பேர். நாயகம் காலை மீரான் அண்ணன் வண்டியில் பாளையங்கோட்டை போனான். வாசல்வரை போய் நின்றேன். மூன்றாவது பீரியடில் ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. ஒரு கதை சொன்னேன். நின்றுவிட்டது."

கீழே ஒன்றும் இல்லை. இருபது நாள் தள்ளி இன்னொன்று:

"ஜூன் 24, ஞாயிறு. ஹாஸ்டலுக்குப் போனேன். ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நாயகம் ரொம்ப அழுதான்."

இவ்வளவுதான். தூறலும் இல்லை, வெயிலும் இல்லை.

அன்று காலை மற்றவர்களின் பிள்ளைகள் அறுபத்தொரு பேரைப் பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று அழுதது. அதன் தலையைத் தடவிக்கொண்டே, இன்றைக்குக் காலையில்தான் என் மகனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன், பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அவன் அழவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையைத் தேற்றினேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருப்பேன். பிறகு ஒவ்வொரு ஜூனும் சொன்னேன். கரும்பலகையில் ஒரே கணக்கைப் பதினைந்து வருஷம் போட்டால் பார்க்காமலே போடலாம். தப்பாகப் போட்டாலும் கை அதே வேகத்தில்தான் போகும்.

எட்டரை மணிக்குத் தீனதயாளனைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, உறைக்குள்ள இருக்கிறது தப்பு. அவன் பதில் சரியா இருக்கும்."

"டீச்சர்..." என்று இழுத்தார். "ஆசையில அப்படித் தோணும். மூணு குடும்பத்துல யாரும் பதிலை மாத்தலை."

"நான் கேள்வித்தாள் எடுத்தவள். தேர்வு எழுதினவன் தப்பில்லை, விடைக்குறிப்புதான் தப்புன்னு தெரிஞ்சா முதன்மைத் தேர்வாளர் திருத்தின குறிப்பு அனுப்பணும். அதுதான் விதி. நீங்க எனக்குப் பதிலைச் சொல்ல வேண்டாம். நான் சொல்றதை அனுப்புங்க. சேர்ந்தா எடுத்துக்கட்டும்."

"ஒரு தடவைதான் விடுவாங்க. மறுபடி மாத்த முடியாது. எழுத்துல வேணும்."

வெள்ளைத்தாளில் எழுதினேன்.

"திருத்தப்பட்ட விடைக்குறிப்பு. வினாவே தவறு. அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. ஒன்றும் வாங்கித் தரவில்லை. டிரைவர் மீரான் அழைத்துப் போனார். இதற்கு ஆதாரம் என் 2001 ஜூன் 4 நாட்குறிப்பு. – அ. சண்முகவடிவு, பட்டதாரி ஆசிரியை (ஓய்வு)."

ஆவுடை அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அனுப்பும் முன் ஒரு தடவை வாசித்தாள். என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

மாலை ஐந்தரை. தீனதயாளன் கூப்பிட்டார். எப்போதும் "வணக்கம் டீச்சர்" என்றுதான் தொடங்குவார். இன்று அதைச் சொல்லவில்லை.

"பொருந்துது. நாலு பேரும் பட்டியல்ல போறாங்க."

ஆவுடை என் கையிலிருந்த போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இனி உங்களுக்குச் சொல்லலாம்னு அனுமதி வாங்கிட்டேன். அவர் பதிலை வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

"'அம்மா வரலை. அவளுக்கு ஸ்கூல் இருந்தது. மீரான் மாமா கூட்டிட்டுப் போனார்.' அவ்வளவுதான் டீச்சர்."

அவ்வளவுதான். அவளுக்கு ஸ்கூல் இருந்தது. துப்பாக்கிக்கு நடுவில் உட்கார்ந்து எழுதும்போதும் எனக்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதித் தந்திருக்கிறான்.

ஜூலை 27, சனி

பட்டியல் போய்விட்டது. அரைக் கிலோ வெங்காயத்தில் வத்தக்குழம்பு. அண்ணாச்சி வீட்டுக்கும் ஒரு தூக்கு அனுப்பினோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பேச்சு நடக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பேச்சு நடக்கிறது. மேடம் இன்று தமிழில் "வணக்கம் டீச்சர்" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 14, புதன்

விட்டுவிட்டார்கள். நான்கு பேரும் தூதரகத்தில் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17, சனி

நாளை மத்தியானம் மதுரை விமான நிலையம். அரசு வேனில் வீட்டுக்கு ஒருவர்தான் ஏறலாம். "நீங்க போங்க அத்தை" என்றாள் ஆவுடை. அவள்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மதுரைக்குக் காலையில் பஸ் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதுரை போயிருந்தேன். நாயகம் வந்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று எழுதத் தெம்பில்லை.

ராஜபாளையம் வழியாகப் போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் சின்னப் பையன், விசில் வாயிலேயே இருந்தது. விமான நிலையத்துக்கு வேனைவிட ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றேன். தீனதயாளன் பார்த்துவிட்டு, "எப்படி டீச்சர் வந்தீங்க?" என்றார். "பஸ்லதான்" என்றேன். அவர் யாரிடமோ பேசித் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினார்.

பதினைந்து கிலோ குறைந்திருப்பான். தாடி. முதலில் ஆவுடையைப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தான்.

"வந்துட்டியாம்மா."

"வந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்கினான். இன்று காலை காபி குடிக்கும்போது அவனே தொடங்கினான்.

"அந்தக் கேள்வி வந்துச்சு பாரு, நான் சிரிச்சுட்டேன். காவலுக்கு நின்னவன் முறைச்சான். இவ்வளவு நாள் கழிச்சு அம்மா கையெழுத்தே வந்த மாதிரி இருந்துச்சு."

"என்ன சிரிப்பு?"

"2, 3, 7 கேள்விதானே அது. வேற எவனா இருந்தாலும் பாக்ஸு, பேனா, மிட்டாய்னு ஏதாவது ஒரு பொருள் பேரை எழுதியிருப்பான். வரவே இல்லைன்னு எனக்கு மட்டும்தானே தெரியும். முக்கோணம் அமையாதுன்னு எழுதிட்டேன். எப்படிம்மா அந்த நேரத்துல உனக்கு அப்படி ஒரு கேள்வி தோணுச்சு?"

ஆவுடை என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொல்லமாட்டாள். நான் சும்மா இருந்தால் போதும். மகன் கண்ணில் நான் பெரிய கெட்டிக்காரி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தும் பார்த்தேன்.

பிறகு நீல டைரியைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்து வைத்தேன்.

"அது பொய்க் கேள்வி இல்லைடா. நான் வந்ததாகவே நினைச்சுட்டு இருந்தேன். என் விடைக்குறிப்பால உன் பேர் பட்டியலை விட்டுப் போக இருந்துச்சு."

அவன் ஜூன் 4-ஐ வாசித்தான். விரலை வரிகளின் மேல் வைத்து, ஆறாம் வகுப்புப் பையன் வாசிப்பதுபோல மெதுவாக வாசித்தான். கடைசி வரியில் விரல் நின்றது.

"அந்தப் பிள்ளை யாரும்மா?"

"பேர் ஞாபகம் இல்லை. அறுபத்தொண்ணுல ஒண்ணு."

"அழுகையை நிறுத்திடுச்சா?"

"நிறுத்திடுச்சு."

டைரியை மூடினான். நீல அட்டையில் படிந்திருந்த தூசியைத் தன் பனியனில் துடைத்து என் கையில் கொடுத்தான்.

"அப்பச் சரி" என்றான்.